நத்தையும் பனியனும்

திருப்பூரில் பல்லடம் சாலையில் வீரபாண்டி பிரிவைச் சுற்றியுள்ள சாயப்பட்டறைகளில் ‘பயோவாஷ்’ என்ற சொல் காதில் விழாத நாளில்லை. ஆர்டர் பேசும்போதே கேட்டுவிடுவார்கள்: சாதா வாஷா, பயோவாஷா? பயோவாஷ் என்றால் கிலோவுக்குக் கொஞ்சம் கூட. அந்தக் கூடுதல் காசு எதற்கு என்று கேட்டால், “என்சைம் போடறமுங்க, துணி மழமழன்னு நிக்கும்” என்று டையிங் மாஸ்டர் சொல்வார். உண்மைதான். அந்த வகை என்சைம் விலங்கின் உடம்பிலும் ஊறும் என்பதை அறிவியல் உலகம் ஒரு நத்தையை வைத்துத்தான் தெரிந்துகொண்டது. அந்தக் கதை பட்டறையில் பேச நேரம் கிடைக்காத விஷயம்.

நத்தை என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது பத்திரிகைத் தலைப்புதான். பாலம் வேலை நத்தை வேகத்தில், பாதாளச் சாக்கடைப் பணி நத்தை வேகத்தில். பனியன் ஊர்க்காரர்கள் நத்தையை அந்த ஒரு சொல்லுக்குள் அடைத்துவிடுவது அநியாயம் என்பது என் கட்சி. பருத்தியைத் தின்பது, சாயம் ஊட்டுவது, முறுக்கு ஏற்றுவது, உப்புத் தண்ணீரோடு மல்லுக்கட்டுவது என்று இங்கே மெஷின் வைத்துச் செய்கிற வேலைகளில் பாதியை நத்தை இனம் தன் உடம்புக்குள்ளேயே செய்துகொண்டிருக்கிறது.

முதலில் பயோவாஷ். பருத்தி நூல் என்பது குட்டை இழைகளை முறுக்கிச் சேர்த்தது. எவ்வளவு நன்றாக முறுக்கினாலும் இழைகளின் நுனிகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நிட்டிங் மெஷினிலிருந்து இறங்கிய துணியை மடித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், மடிப்பின் ஓரம் முழுக்கப் பூனைமுடி போன்ற பிசிறு தெரியும். நாலு சலவை ஆனதும் அந்தப் பிசிறுகள் ஒன்றோடொன்று சிக்கி உருண்டு குருணை குருணையாகத் துணிமேல் நிற்கும். தொழிலில் இதற்குப் பில்லிங் என்று பெயர். இதைத் தவிர்க்க, சாய மெஷினுக்குள் தண்ணீரை 50, 55 டிகிரிக்குச் சூடாக்கி, அசிட்டிக் ஆசிட் விட்டு லேசான புளிப்புக்குக் கொண்டுவந்து, செல்லுலேஸ் என்ற என்சைமை ஊற்றுகிறார்கள். முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் ஓடும்.

பருத்தி இழையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் செல்லுலோஸ். குளுக்கோஸ் மூலக்கூறுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தால் வரும் நீண்ட சரம் அது. செல்லுலேஸ் அந்தச் சரத்தை இடையிடையே அறுக்கும். வெளியே நீட்டிய மெல்லிய நுனிதான் முதலில் மாட்டும். நைந்துபோன நுனி, துணி மெஷினுக்குள் உரசி ஓடும்போது ஒடிந்து உதிர்ந்துவிடும். துணியின் எடையில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு இப்படித் தண்ணீரோடு போகும். நேரத்துக்கு நிறுத்தாவிட்டால் என்சைம் நூலுக்கு உள்ளே இருக்கும் இழையையும் தின்னத் தொடங்கும். துணி பலம் விட்டுப்போகும். அதனால் வேலை முடிந்ததும் சூட்டை 80 டிகிரிக்கு ஏற்றிவிடுகிறார்கள். என்சைம் ஒரு புரதம். கொதிக்கும் தண்ணீரில் முட்டையின் வெள்ளைக்கரு ஆகிற கதிதான் அதற்கும்.

நம் வயிற்றில் இந்த என்சைம் கிடையாது. பருத்திப்பால் குடித்தால் செரிக்கும், பஞ்சைத் தின்றால் அப்படியே வெளியே வரும். மாவுச்சத்தும் செல்லுலோஸும் ஒரே குளுக்கோஸால் ஆனவைதான். கோத்திருக்கும் விதம் மட்டும் வேறு. அந்த வேறான முடிச்சை அவிழ்க்க நம்மிடம் சாவி இல்லை. மாட்டிடமும் இல்லை, அதன் இரைப்பையில் குடியிருக்கும் நுண்ணுயிரிகள் அந்த வேலையைச் செய்துகொடுக்கின்றன. 1898-இல் ஜெர்மனியில் பீடர்மன், மோரிட்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள், ஐரோப்பியர்கள் விரும்பிச் சாப்பிடும் ஹெலிக்ஸ் பொமேஷியா என்ற நத்தையின் செரிமானச் சுரப்பிலிருந்து எடுத்த சாறு செல்லுலோஸைக் கரைப்பதை எழுதி வெளியிட்டார்கள். அந்தச் சாறு நத்தையுடையதா, அதன் குடலில் வாழும் நுண்ணுயிரிகளுடையதா என்ற சண்டை நெடுநாள் ஓடியது. நத்தை இனத்தின் சில உயிர்களில் செல்லுலேஸ் தயாரிக்கும் மரபணு அவற்றின் சொந்த மரபணுத் தொகுப்பிலேயே இருப்பது பிற்பாடு தெரியவந்தது. ஆப்பிள் நத்தை அவற்றில் ஒன்று.

நத்தைச் சாற்றுக்கு ஆய்வகங்களில் இன்றும் கிராக்கி உண்டு. ஈஸ்ட் செல்லின் கெட்டியான சுவரை உரித்து எடுக்க அதைப் பயன்படுத்தினார்கள். சிறுநீரில் மருந்துகளின் எச்சத்தைத் தேடும் பரிசோதனைகளில், ஹெலிக்ஸ் நத்தையிலிருந்து எடுத்த வேறொரு என்சைம் புட்டியில் அடைத்து விற்கப்படுகிறது. ஆனால் டன் கணக்கில் துணி ஓடும் ஊருக்கு நத்தையைப் பிழிந்து கட்டுப்படியாகாது. பட்டறைக்கு வரும் செல்லுலேஸ் பெரும்பாலும் பூஞ்சையிலிருந்து வருகிறது. அதில் முக்கியமான பூஞ்சையின் வரலாறும் துணியோடு சேர்ந்ததுதான். இரண்டாம் உலகப் போரில் பசிபிக்கின் சாலமன் தீவுகளில் இறங்கிய அமெரிக்கப் படையின் பருத்திக் கூடாரங்களும் உடைகளும் வைத்த இடத்தில் மக்கிப் போயின. எது தின்கிறது என்று தேடியவர்கள் கையில் ஒரு பூஞ்சை சிக்கியது. அதில் உழைத்த எல்வின் ரீஸ் என்பவரின் பெயரால் அதற்கு டிரைக்கோடெர்மா ரீசி என்று பெயர் வைத்தார்கள். ராணுவத்தின் துணியை நாசம் செய்த அதே வம்சம் இன்று ஏற்றுமதி டி-ஷர்ட்டை மழமழப்பாக்குகிறது.

நத்தை தின்னும் விதத்தையும் கிட்டே போய்ப் பார்க்கலாம். ஐப்பசி மழை விட்ட மறுநாள் காலை, வெள்ளையடித்த காம்பவுண்டுச் சுவரில் நத்தை ஏறிய தடம் இருக்கும். பளபளக்கும் கோழைக் கோட்டை விட்டுவிட்டு, சுண்ணாம்பைப் பாருங்கள். குறுக்கும் நெடுக்குமாக, வரிசை வரிசையாகச் சின்னச் சுரண்டல்கள் தெரியும். நத்தையின் நாக்கு ஒரு பட்டை அரம். ராடுலா என்று பெயர். அதில் ஆயிரக்கணக்கான நுண்பற்கள். தேயத் தேயப் பின்னாலிருந்து புதிய வரிசை முன்னால் நகர்ந்து வரும். ஓடு கட்ட அதற்குக் கால்சியம் வேண்டும். சுண்ணாம்புச் சுவர் அதற்குச் சத்து மாத்திரை. இரும்புத் தாது கலந்த பல்லோடு கடல் பாறையைச் சுரண்டும் நத்தை வகைகூட உண்டு. 2015-இல் அளந்து பார்த்தபோது, உயிர்கள் உண்டாக்கும் பொருள்களிலேயே மிகப் பலமானது அந்தப் பல்தான் என்று தெரிந்தது. அதுவரை அந்தப் பெருமை சிலந்தி நூலுக்கு இருந்தது.

இந்த ஊர் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கிறது. கோடையில் நத்தையைக் காணவே முடியாது. ஓட்டின் வாயைக் காய்ந்த கோழையால் அடைத்துக்கொண்டு, கல்லிடுக்கிலும் மரப்பட்டையிலும் மாதக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். மழை வாசம் பட்டால்தான் விழிப்பு. அதன் மெதுநடைக்கும் காரணம் தண்ணீரும் கோழையும்தான். தோட்டத்து நத்தை ஒரு வினாடியில் ஒரு மில்லிமீட்டர் அளவில் நகரும். 90 ஃபீடர் (நூல் ஊட்டும் முனை) உள்ள நிட்டிங் மெஷின் நிமிடத்துக்கு 25 சுற்று ஓடினால், சென்டிமீட்டருக்கு 18 வரிசை என்ற கணக்கில் துணி வினாடிக்கு இரண்டு சென்டிமீட்டர் இறங்கும்; நத்தையைப் போல இருபது மடங்கு. ஆனால் மெஷின் தரையோடு போல்ட் போட்டு நிற்கிறது. நத்தையோ போகிற வழியெல்லாம் தன் சாலையைத் தானே போட்டுக்கொண்டு போகிறது. அந்தக் கோழை அழுத்தம் குறைவாக இருக்கும்போது பசையாக ஒட்டும், அழுத்தம் கூடினால் திரவமாக வழுக்கும். காலில் ஓடும் அலையின் ஒரு பகுதி ஒட்டிப் பிடிக்க, மறுபகுதி வழுக்கி முன்னேறும். கண்ணாடியில் தலைகீழாகவும் நடக்க முடிவது இதனால்தான். விலை மட்டும் அதிகம்: மார்க் டென்னி என்ற ஆய்வாளர் 1980-இல் ஓடில்லாத நத்தை ஒன்றை வைத்து அளந்தபோது, இப்படி ஊர்வதற்கு, கால் வைத்து ஓடுவதைவிடப் பல மடங்கு சக்தி செலவாவது தெரிந்தது. செலவில் பெரும்பகுதி கோழை தயாரிக்க. சாலை போடும் காண்ட்ராக்டர் தன் ரத்தத்தைக் கொட்டித்தான் தார் காய்ச்ச வேண்டும் என்றிருந்தால் அவரும் மெதுவாகத்தான் போவார்.

மழைக்குப் பின் தென்படுவதெல்லாம் நம்மூர் நத்தை என்று நம்பிவிடவும் கூடாது. தென்னிந்தியாவில் சாதாரணமாகக் காணும் கிரிப்டோசோனா நத்தை தட்டையான வட்ட ஓடும் பழுப்புப் பட்டையும் கொண்டது. கூம்பு போல நீண்டு, பழுப்பும் வெளிர்மஞ்சளும் கோடுகோடாக ஓடி, கையகலம் இருந்தால் அது ஆப்பிரிக்க ராட்சத நத்தை. 1847-இல் பென்சன் என்ற நத்தை ஆர்வலர் மொரீஷியஸிலிருந்து கொண்டுவந்து கல்கத்தாவில் விட்டதுதான் இந்தியாவில் அதன் ஆரம்பம். ஒரு தடவைக்கு நூறு, இருநூறு முட்டை இடும். ஆண் பெண் இரண்டும் ஒரே உடம்பில். வாழை, பப்பாளி, காய்கறி நாற்று என்று ஐந்நூறுக்கும் மேற்பட்ட தாவரங்களைத் தின்னும். எலியின் நுரையீரலில் வாழும் ஒரு புழு இந்த நத்தைக்குள் வளர்ந்து, மனிதனுக்குப் போனால் மூளைச்சவ்வில் அழற்சி உண்டாக்கும்; கேரளத்தில் அந்த நோய் பதிவாகியிருக்கிறது. கையுறை இல்லாமல் தொடக்கூடாது, கீரையைக் கழுவாமல் சமைக்கக்கூடாது. சாயங்காலம் ஈரச் சாக்கை விரித்து அதில் பப்பாளி இலையும் முட்டைக்கோஸ் இலையும் போட்டு வைத்தால் இரவில் வந்து கூடும்; காலையில் அள்ளி உப்புக் கரைசலில் போடலாம். மருந்து தெளிப்பதைவிட இது மேல்.

அந்த உப்பு பற்றிப் பிறகு வருகிறேன். அதற்கு முன் சாயம்.

என்சைமில் நத்தையால் தொழிற்சாலை ஆக முடியவில்லை. சாயத்தில் ஆகியிருக்கிறது, ஆயிரக்கணக்கான ஆண்டுகள். தமிழ் விவிலியத்தில் ‘இரத்தாம்பரம்’ என்று வருகிறதே, அது நத்தைச் சாயம் போட்ட துணி. பவுல் பிலிப்பியில் சந்திக்கும் லீதியாள் அந்தத் துணி வியாபாரிதான். மத்தியதரைக் கடலோரம், இன்றைய லெபனானில் உள்ள தீருவும் சீதோனும் அந்தக் காலத்துத் திருப்பூர்கள். கடலில் கூடை இறக்கிப் பிடித்த முள்நத்தைகளை உடைத்து, உள்ளே செவுளுக்கு அருகில் இருக்கும் ஒரு சிறு சுரப்பியை மட்டும் எடுத்தார்கள்.

அந்தச் சுரப்பியை எடுத்த நொடியில் அதில் நிறமே இல்லை. வெளிறிய திரவம்தான். காற்றும் வெயிலும் பட்டதும் மஞ்சளாகும், பச்சையாகும், நீலம் எட்டிப் பார்க்கும், கடைசியில் செம்மை கலந்த ஊதாவில் வந்து நிற்கும். கூடவே அழுகிய பூண்டு நாற்றம் கிளம்பும். கந்தகம் கலந்த ஒரு பகுதி பிரிந்து வெளியேறுவதன் வாசனை அது. நத்தை சாயத்தைச் சாயமாகச் சேமித்து வைப்பதில்லை. மூலப்பொருள் ஒரு பக்கம், அதை உடைக்கும் என்சைம் ஒரு பக்கம். சுரப்பி நசுங்கும்போதுதான் இரண்டும் சந்திக்கின்றன. பிறகு நடப்பது காற்றின் ஆக்சிஜனும் சூரிய ஒளியும் செய்யும் வேலை. பகைவரிடமிருந்து தப்பவும், முட்டைகளைக் கிருமியிலிருந்து காக்கவும் நத்தைக்கு அது உதவுகிறது. ரோமச் சக்கரவர்த்தி உடுத்துவதற்காக அது ஊறவில்லை.

1909-இல் வியன்னாவில் பால் ஃபிரீட்லேண்டர் என்ற வேதியியலாளர் 12,000 நத்தைகளை உடைத்துப் பார்த்தார். கிடைத்தது 1.4 கிராம் சாயம். ஒரு டி-ஷர்ட்டுக்குக்கூட எட்டாது. ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன் 301-ஆம் ஆண்டில் வெளியிட்ட விலைப் பட்டியலில், இந்தச் சாயம் போட்ட பட்டு ஒரு ராத்தல் 1,50,000 டினேரியஸ். வயல்வேலைக்காரரின் ஒரு நாள் கூலி 25. ஆறாயிரம் நாள் உழைத்தால் ஒரு ராத்தல். அரச குடும்பத்து நிறம் என்று ஊதாவுக்குப் பேர் வந்ததற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

ஃபிரீட்லேண்டர் கண்டுபிடித்த மூலக்கூறு நமக்கு மிக நெருக்கமானது. அவுரிச் செடியிலிருந்து எடுக்கும் நீலம் இருக்கிறதே, இண்டிகோ, அதன் மூலக்கூறில் எதிரெதிர் இரண்டு இடத்தில் ஒவ்வொரு புரோமின் அணுவை ஒட்டினால் அதுதான் முள்நத்தையின் ஊதா. ஜீன்ஸுக்கும் சக்கரவர்த்தியின் அங்கிக்கும் நடுவே இருப்பது இரண்டே அணு. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 65 மில்லிகிராம் புரோமைடு இருக்கிறது. நத்தை அதிலிருந்து எடுத்துக்கொள்கிறது. அந்த இரண்டு கனமான அணுக்கள் சேர்ந்ததும் மூலக்கூறு விழுங்கும் ஒளியின் அலைநீளம் சற்று நகர்கிறது, நீலம் ஊதாவாகத் தெரிகிறது. 1980-களில் இஸ்ரேலில் ஓட்டோ எல்ஸ்னர் என்ற வேதியியலாளர் இதன் மறுபக்கத்தைக் கண்டார். சாயத்தைக் கரைத்த நிலையில் வெயிலில் வைத்தால் புரோமின் கழன்றுவிடுகிறது. ஊதா நத்தையிலிருந்து அப்பட்டமான நீலம் கிடைக்கிறது. யூதர்களின் வேதத்தில் சொல்லப்பட்ட புனித நீலம் இதுவாக இருக்கலாம் என்று பலர் கருதுவது இதனால்தான்.

இண்டிகோவும் நத்தை ஊதாவும் தண்ணீரில் கரையாதவை. அவற்றுக்கு எலக்ட்ரான் கொடுக்கும் காரக் கரைசலில் போட்டால் நிறம் போய்க் கரையும். அந்த நிலையில் நூலுக்குள் புகும். வெளியே தூக்கினால் காற்றுப் பட்டு மறுபடி நிறமாகி உள்ளேயே கரையாமல் உட்கார்ந்துவிடும். தொட்டியிலிருந்து பச்சை மஞ்சளாக எழும் நூல் கண்ணெதிரே நீலமாவதை டெனிம் ஆலைகளில் பார்க்கலாம். வீரபாண்டியில் ஓடும் பருத்திப் பின்னலாடைக்கு இந்த வழி பெரும்பாலும் கிடையாது. இங்கே ரியாக்டிவ் சாயம். 1956-இல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த வகை; செல்லுலோஸோடு வேதிப் பிணைப்பே போட்டுக்கொள்ளும், சலவைக்கு அசையாது, எந்த நிறமும் கிடைக்கும். இதற்கு ஒரு கூலி உண்டு. தண்ணீரில் பருத்தி இழையின் மேற்பரப்பு எதிர் மின்னூட்டம் கொள்கிறது. சாயமும் எதிர் மின்னூட்டம்தான். ஒன்றையொன்று தள்ளும். இடையில் உப்பைக் கொட்டினால்தான் தள்ளல் தணிந்து சாயம் இழைக்குப் போகும். லிட்டருக்கு 40 முதல் 80 கிராம், அடர்ந்த கறுப்புக்கும் நேவிக்கும் இன்னும் கூட. போட்ட உப்பில் ஒரு பொட்டுகூடத் துணியில் தங்காது. அத்தனையும் கழிவுநீரில்.

தீரு நகரத்தைப் பற்றி எழுதும்போது ஸ்ட்ராபோ என்ற பழைய கிரேக்கப் புவியியலாளர், சாயப்பட்டறைகள் மிகுதியால் அந்த ஊர் குடியிருக்க லாயக்கில்லாமல் போனது, ஆனால் அந்தத் தொழில்தான் அதைப் பணக்கார ஊராக்கியது என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறார். இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய இந்தக் குறிப்பைப் படிக்கிற நொய்யல் ஆற்றங்கரைக்காரர் யாரும் சிரிக்காமல் இருக்க முடியாது. நமக்கு நாற்றத்தைவிட உப்புதான் வினையானது. அந்த ஆற்றில் பாசனத்துக்காக 1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயத் தண்ணீர்த் தொட்டியாகி, விவசாயிகளே அந்தத் தண்ணீர் வேண்டாம் என்று நின்றார்கள். வழக்கு நடந்து, 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாமல் சுத்திகரித்தால்தான் மறுபடி திறக்கலாம் என்ற நிலை வந்தது. வீரபாண்டியின் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் உட்பட இந்தப் பகுதியின் நிலையங்களெல்லாம் இன்று செய்வது அதைத்தான்.

நத்தைமேல் உப்பைத் தூவும் குரூர விளையாட்டைச் சிறுவயதில் பார்க்காதவர் குறைவு. நத்தையின் தோல் மெல்லியது, எப்போதும் ஈரமானது, தண்ணீர் கடக்கக்கூடியது. மேலே விழுந்த உப்பு கோழையில் கரைந்து அடர்ந்த கரைசலாகிறது. உள்ளே உப்புக் குறைவு, வெளியே அதிகம்; தண்ணீர் உள்ளிருந்து வெளியே இழுக்கப்படுகிறது. நத்தை தன்னைக் காக்க மேலும் கோழையைச் சுரக்கிறது, நுரைக்கிறது, கொஞ்ச நேரத்தில் வற்றிப்போகிறது. வேர் உறிஞ்ச முடியாமல் உப்பு வயலில் பயிர் கருகுவதும் இந்த விதிப்படியே. சுத்திகரிப்பு நிலையத்தில் ஆர்.ஓ. என்று சொல்வது இதைத் திருப்பிப் போடும் ஏற்பாடு. சவ்வின் ஒரு பக்கம் உப்புக் கழிவுநீர், மறுபக்கம் நல்ல தண்ணீர். சும்மா விட்டால் நல்ல தண்ணீர் உப்புப் பக்கம் ஓடும். பம்பு வைத்து உப்புப் பக்கத்தை நெருக்கினால் தண்ணீர் எதிர்த்திசையில் சவ்வைக் கடந்து வரும், உப்பு பின்தங்கும். மிஞ்சுகிற அடர்ந்த உப்புநீரைக் கொதிக்க வைத்து ஆவியாக்கி உப்பைத் திரட்டி, அதையே மறுபடி சாயத்துக்குக் கொடுக்கிறார்கள். மின்சாரமும் விறகும் இந்த இடத்தில்தான் கரைகின்றன. ஒரு கிலோ துணியின் சாயக் கூலியில் இதன் பங்கு எவ்வளவு என்று பட்டறைக்காரரைக் கேட்டால் பெருமூச்சுதான் முதலில் வரும்.

இனி முறுக்கு. சங்கும் நத்தைதான், கடல் நத்தை. தூத்துக்குடிக்காரர் மூழ்கி எடுக்கும் சங்குக்குள் இருப்பது ஓட்டைச் சுமந்து மணலில் ஊரும் ஒரு பிராணி. நத்தை, சங்கு இரண்டையும் ‘நந்து’ என்ற ஒரே சொல்லால் பழந்தமிழ் குறித்தது, வகைப்பாட்டில் தப்பு சொல்ல முடியாத கணிப்பு. உலகின் நத்தை இனங்களில் பெரும்பாலானவற்றின் ஓடு வலப்புறமாகச் சுருளும். மிக அரிதாகக் கிடைத்து லட்சக்கணக்கில் விலைபோகும் வலம்புரிச் சங்கை உயிரியலாளர்கள் இடஞ்சுழி என்பார்கள்; பார்க்கும் திசை வேறு, அவ்வளவுதான். எந்தப் பக்கம் சுருள வேண்டும் என்பதைக் குஞ்சு தீர்மானிப்பதில்லை. தாயின் மரபணு முட்டைக்குள் வைத்துவிடும் சரக்கு அதை முடிவு செய்கிறது. 1920-களில் குளத்து நத்தைகளை வளர்த்து இதைக் கண்டார்கள்.

ஸ்பின்னிங் மில்லிலிருந்து வரும் பருத்தி ஒற்றை நூலும் பெரும்பாலும் ஒரே பக்கம்தான் முறுக்கப்பட்டிருக்கும். தொழிலில் இசட் முறுக்கு. சாதாரண நத்தை ஓட்டின் சுழற்சியும் அதே திசை. வலம்புரி என்றால் எஸ் முறுக்கு. முறுக்கிய நூல் எப்போதும் பிரிந்துகொள்ளப் பார்க்கும். சிங்கிள் ஜெர்சித் துணியில் அது ஒவ்வொரு கண்ணியையும் ஒரு பக்கம் சாய்க்கும். துவைத்ததும் டி-ஷர்ட்டின் பக்கத் தையல் திரும்பி வயிற்றுப் பக்கம் வருகிறதே, அந்தக் குற்றத்தின் பெயர் ஸ்பைராலிட்டி. ஒரு ஃபீடருக்கு இசட், அடுத்ததற்கு எஸ் என்று மாற்றி மாற்றி நூல் கொடுத்தால் இரண்டும் ஒன்றையொன்று தணித்துவிடும். செலவு கருதிப் பலர் செய்வதில்லை, காம்பாக்டிங்கில் இழுத்துச் சரிசெய்து அனுப்புகிறார்கள். முதல் சலவையில் சாயம் வெளுக்காவிட்டாலும் குட்டு வெளுத்துவிடும்.

கடைசியாக ஒரு நத்தை, நம் ஒவ்வொருவர் தலைக்குள்ளும் இரண்டு. தொல்காப்பியத்தின் மரபியல் நந்துக்குத் தொடுதல், சுவை என இரண்டு அறிவு கொடுக்கிறது. உண்மையில் நத்தைக்கு மோப்பம் அபாரம். மேலே நீட்டும் இரண்டு கொம்புகளில் கண்ணோடு மூக்கும் இருக்கிறது. அதற்கு இல்லாதது கேள்விப் புலன். ஆனால் நாம் கேட்பதற்கு உதவும் உறுப்புக்கு அதன் பெயர்தான். உட்செவியில், எலும்புக்குள் இரண்டரைச் சுற்றுக்குச் சற்றுக் கூடுதலாகச் சுருண்டிருக்கும் காக்ளியா, லத்தீனில் நத்தை. விரித்தால் 35 மில்லிமீட்டர் நீளம். உள்ளே திரவம், நடுவே ஒரு சவ்வு, சவ்வின்மேல் மயிர்ச் செல்கள்: உள்வரிசையில் சுமார் 3,500, வெளிவரிசைகளில் சுமார் 12,000. ஒலி வந்ததும் சவ்வில் அலை ஓடும். கீச்சு ஒலிக்கு வாசலருகே, கனத்த ஒலிக்குச் சுருளின் உச்சியருகே அலை உயரும். எந்த இடம் அதிர்ந்தது என்பதை வைத்து மூளை சுருதியைப் படிக்கிறது. இதைக் காட்டிய ஜார்ஜ் வான் பெக்கேஷிக்கு 1961-இல் நோபல் பரிசு.

பல்லடம், சோமனூர் பக்கத்து விசைத்தறிக் கூடத்துக்குள் நுழைந்தால் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. தறிக்காரர்கள் உதட்டைப் பார்த்தும் கையைக் காட்டியும் பேசிக்கொள்வார்கள். நம் தொழிற்சாலை விதிகளின்படி எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல் எல்லை. 95 ஆனால் நாலு மணி நேரம், 100 என்றால் இரண்டே மணி நேரம். தறிக் கூடத்தின் இரைச்சல் 90-ஐத் தாண்டுவது சர்வசாதாரணம், ஷிப்டோ பன்னிரண்டு மணி நேரம். சத்தம் முதலில் கெடுப்பது சுருளின் வாசலுக்கு அருகே, 4,000 ஹெர்ட்ஸைச் சுற்றிய ஒலிகளைக் கேட்கும் மயிர்ச் செல்களை. கோழிக்குஞ்சுக்கு அந்தச் செல்கள் போனால் மறுபடி முளைக்கும், மனிதனுக்கு முளைக்காது. உயிரெழுத்துகள் கனத்த ஒலி, அவை தப்பும். ச, த, க போன்ற மெய்களின் கூர்மைதான் மங்கும். அதனால் காது மந்தமானவர் தனக்குக் கேட்கவில்லை என்று சொல்ல மாட்டார், எல்லாரும் வாய்க்குள் முனகுகிறார்கள் என்பார். டிவி சத்தத்தைக் கூட்டுவார்.

பிறவியிலேயே மயிர்ச் செல் வேலை செய்யாத சிறு குழந்தைகளுக்கு, சுருளுக்குள் மின்முனைகளை நுழைத்து நரம்பை நேராகத் தூண்டும் காக்ளியர் இம்பிளான்ட் சிகிச்சை தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் கிடைக்கிறது. தறிக்காரரின் தேய்மானத்துக்கு அது மருந்தல்ல. அவருக்கு உதவுவது பஞ்சு போல அமுங்கும் காதடைப்பானும், ஆண்டுக்கு ஒருமுறை ஆடியோகிராமும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் அந்தச் சோதனையைக் கேட்டு எடுத்துக்கொள்ளலாம். அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். வரைபடத்தில் 4,000 ஹெர்ட்ஸுக்கு நேரே மட்டும் கோடு பள்ளமாக இறங்கியிருந்தால், அவர் இன்னும் நன்றாகக் கேட்கிறது என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே சத்தம் உள்ளே வேலையைத் தொடங்கிவிட்டது என்று பொருள்.